கோலாலம்பூரின் மாநகர அரங்கு: கட்டடமும் அலங்காரமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரின் சுதந்திரச் சதுக்கமான டத்தாரான் மெர்டேக்கா பக்கம் போகிறவர்கள் எல்லாரும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே தெருவில் சற்று வடக்கே நடந்தால் பங்குங் பண்டாராயா, அதாவது மாநகர அரங்கு, நிற்கிறது. நம் ஊரின் பழைய டவுன் ஹால் அதுதான். அதைப் பற்றியும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானின் இரண்டு பழைய தியேட்டர்களைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அரங்குகளின் அழகு பெரும்பாலும் வெளியே, தெருவைப் பார்த்து இருக்கிறது. டிக்கெட் வாங்காதவருக்கும் அதில் முழுப் பங்கு உண்டு. ஆகவே நின்று பாருங்கள்.

சரியாக எங்கே இருக்கிறது? பண்டாராயா ஸ்டேஷனில் இறங்கலாமா?

வேண்டாம். பெயரைப் பார்த்துப் பலர் அங்கே இறங்கிவிட்டு வெயிலில் நடக்கிறார்கள். இறங்க வேண்டியது மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையம். ஜாலான் துன் பேராக் வழியாக ஆற்றைத் தாண்டி மேற்கே வந்தால் அந்தச் சாலையும் ஜாலான் ராஜாவும் சந்திக்கிற முனையில் அரங்கு இருக்கிறது. பின்பக்கம் கொம்பாக் ஆறு, முன்பக்கம் பழைய பாடாங் திடல்.

யார் கட்டியது, எப்போது?

1904-இல் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். லிவர்பூல்காரர், 1871-இல் பிறந்தவர், 1895-இல் மலாயாவுக்கு வந்து பொதுப்பணித் துறையில் வரைபடக்காரராகச் சேர்ந்தார். அப்புறம் அவர் கை படாத பெரிய கட்டடம் இந்த ஊரில் குறைவு என்று சொல்லும் அளவுக்கு வேலை செய்தார்: 1909-இல் மஸ்ஜித் ஜாமெக், 1910-இல் கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம், 1917-இல் கோல கங்சார் உபூடியா பள்ளிவாசல், ஈப்போ ரயில் நிலையமும் அவர்தான். இந்த டவுன் ஹால் அவருடைய ஆரம்ப காலத்து வேலை. பிற்பாடு ரயில் நிலையத்தில் அவர் தாராளமாக அள்ளிக் கொட்டிய குவிமாடங்களுக்கும் வளைவுகளுக்கும் ஒத்திகை இங்கேதான் நடந்தது என்று எனக்குத் தோன்றும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வேன்.

கட்டச் சொன்னது கோலாலம்பூர் சுகாதார வாரியம். 1890-இல் தொடங்கிய இந்த வாரியம்தான் இன்றைய மாநகராட்சியின் மூதாதை. கோலாலம்பூர் மாநகரம் என்ற தகுதியைப் பெற்றது 1972 பிப்ரவரி 1-ஆம் தேதி.

டவுன் ஹால் எப்படி நாடக அரங்கு ஆனது?

அந்தக் காலத்து டவுன் ஹால் என்றாலே அலுவலகமும் மண்டபமும் சேர்ந்ததுதான். பகலில் வரி, குப்பை, சாக்கடை என்று பேசும் அதே கூரையின் கீழ் சாயங்காலம் கச்சேரியும் நாடகமும் பொதுக்கூட்டமும் நடக்கும். சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்த விக்டோரியா பப்ளிக் ஹால் இருக்கிறதே, 1880-களில் கட்டியது, அதுவும் இப்படித்தான். பொதுமண்டபமாகப் பிறந்த அந்த இடத்தில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை மேடையேறியபோது தமிழ் நாடகமே புது வழிக்குத் திரும்பியது. சிங்கப்பூரிலும் 1862-இல் கட்டிய டவுன் ஹாலைத்தான் 1909-இல் விக்டோரியா தியேட்டராக மாற்றினார்கள். நிர்வாகம் பெருகி வேறு கட்டடத்துக்குப் போய்விடும், மண்டபம் மேடையோடு அங்கேயே நிற்கும். கோலாலம்பூரிலும் நடந்தது அதுதான்.

பள்ளிவாசல் மாதிரி இருக்கிறதே, வெள்ளைக்காரன் ஏன் இப்படிக் கட்டினான்?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது. சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு ஏ.சி. நார்மன் முதலில் போட்ட திட்டம் ஐரோப்பிய பாணி. மாநிலப் பொறியாளர் சார்லஸ் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. அவர் இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முஸ்லிம் சுல்தான்கள் ஆளும் நாட்டில் கட்டுவது இஸ்லாமிய சாயலில் இருக்கட்டும் என்று சொல்லி மாற்றச் சொன்னார். புது முகப்பை வரைந்தவர் ஆர்.ஏ.ஜே. பிட்வெல். 1897-இல் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது, 41 மீட்டர் மணிக்கூண்டோடு. அதற்குப் பிறகு அரசாங்கம் கட்டியவற்றில் பல அதே குடும்பச் சாயலில் வந்தன, டவுன் ஹால் உட்பட.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மண்ணின் மலாய்க் கட்டடக்கலை மரத்தால் ஆனது. தூண்கள் மேல் உயர்ந்து நிற்கும் வீடு, சரிந்த கூரை, பள்ளிவாசலுக்கும் அடுக்குக் கூரைதான், குவிமாடம் இல்லை. இஸ்லாமியப் பாணி என்று ஆங்கிலேயர்கள் எடுத்து வந்தது டெல்லி, ஆக்ராவையும் ஸ்பெயின், வட ஆப்பிரிக்காவையும் கலந்த ஒரு கற்பனை. அது இந்த ஊரின் மரபு இல்லை. ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேல் வெயிலும் மழையும் பட்டு இந்த ஊருக்கே சொந்தமாகிவிட்டது, இன்று கோலாலம்பூர் என்றால் கண்ணில் நிற்பது அந்தக் குவிமாடங்கள்தான். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைத்தான் இந்தோ-சாரசெனிக் என்கிறார்களா? சென்னைக் கட்டடங்களுக்கு உறவா?

ஆமாம், நேரடி உறவு. சேப்பாக்கம் அரண்மனை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், 1892-இல் திறந்த உயர் நீதிமன்றம், எழும்பூர் மியூசியம் தியேட்டர் என்று சென்னையில் பார்த்தவர்களுக்கு ஜாலான் ராஜாவில் நடக்கும்போது புது ஊர் மாதிரியே இருக்காது. சென்னையில் செங்கல்லின் சிவப்பை அப்படியே விட்டு, கல்லில் நுணுக்கமாகச் செதுக்கும் வேலை அதிகம். இங்கே மழை அதிகம் என்பதால் பூச்சு வேலைக்கு முக்கியத்துவம் கூடுகிறது, நிழல் தரும் தாழ்வாரங்கள் கட்டடத்தைச் சுற்றி ஓடுகின்றன. என் கண்ணுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் கனமானது, கம்பீரமானது. கோலாலம்பூர் வரிசை அதைவிட லேசாக, காற்றோட்டமாக இருக்கிறது.

முகப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சாலையைக் கடந்து திடல் பக்கம் வந்துவிடுங்கள். கட்டடத்தின் காலடியில் நின்றால் ஒன்றும் தெரியாது.

மேலே இருந்து தொடங்குங்கள். கூரை விளிம்பைத் தாண்டி ஏறி நிற்கும் சிறு கோபுரங்களும் அவற்றின் தலையில் உட்கார்ந்திருக்கும் கறுப்புக் குவிமாடங்களும் அடியில் சற்று உப்பி, நுனியில் கூர்மையாக முடிகின்றன. உள்ளே யாரும் ஏறிப் போகும் இடம் அல்ல அவை. தூரத்தில் இருந்தே இது பொதுக் கட்டடம் என்று காட்டவும், நீண்ட கூரைக்கோட்டை அங்கங்கே உடைத்து ஒரு தாளம் கொடுக்கவும் வைத்தவை. மேகம் மூடிய நேரத்தில் கறுப்புக்கும் வானத்துக்கும் இடையே அந்த வளைகோடு எவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது என்று பாருங்கள். வெள்ளை வெயிலில் அது பாதி காணாமல் போய்விடும்.

அடுத்து வளைவுகள். இந்தத் தெருவரிசையையும் பழைய ரயில் நிலையத்தையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வகை எளிதில் பிடிபடும். குதிரை லாடம் மாதிரி, கீழே வரும்போது உள்பக்கம் ஒடுங்கும் வளைவு ஒன்று. இது ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் இருந்து வந்தது, மொகலாயர்களுடையது அல்ல. பூவிதழ் இதழாக வெட்டிய வளைவு இன்னொன்று, அதுதான் ஷாஜகான் காலத்து வட இந்தியச் சொத்து. மூன்றாவது, இரண்டு பக்கமும் நெளிந்து ஏறி உச்சியில் கூராகச் சேரும் வளைவு. டெல்லியில் ஒரே கட்டடத்தில் இவற்றை இப்படிக் கலந்து வைக்க மாட்டார்கள். ஹப்பாக்குக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, ஒரு தளத்துக்கு ஒரு வளைவு, ஜன்னலுக்கு ஒன்று, தாழ்வாரத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர் அவர். தரைத்தளத்து வளைவை அண்ணாந்து பார்த்துவிட்டு அதற்கு நேர் மேலே இருக்கும் ஜன்னலையும் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

அப்புறம் நிழல். வளைவுக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரம் அலங்காரத்துக்காக மட்டும் கட்டியது இல்லை. குளிர்சாதனம் வராத காலத்தில் நூற்றுக்கணக்கான பேர் உட்காரும் மண்டபத்தின் சுவரில் வெயில் நேராக அடித்தால் என்ன ஆகும்? வளைவு வரிசை வெயிலையும் சாரலையும் முதலில் தான் வாங்கிக்கொண்டு, காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. நம் ஊர்க் கடைவரிசையின் முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடி நடைபாதைக்கும் இதே வேலைதான். முகப்பு மேற்கு பார்த்தது என்பதால் சாயங்கால வெயில் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது, அந்த நேரத்தில் வளைவுகளின் நிழல் தாழ்வாரத்துத் தரையில் நீளமாகச் சாய்ந்து கிடக்கும்.

அந்த அலங்காரமெல்லாம் கல்லா?

இல்லை. உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதில் அச்சுப் போட்டும் கையால் இழைத்தும் எடுத்த சுதை வேலை. ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோவில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சுதை என்றால் விளக்கம் தேவையில்லை. அங்கே உருவங்கள், இங்கே கோடும் இதழும். கொத்தனாரின் கரண்டி வேலை இரண்டுக்கும் அடிப்படை.

கிட்டே போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய கட்டடம் எதிலும் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் சாயம் கொப்பளித்து, வெள்ளையாக மாவு பூத்த மாதிரி உப்பு வெளியே வந்திருந்தால், பெரும்பாலும் பழைய சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சிமெண்டால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கும், செங்கல் உள்ளுக்குள் பொடியாக உதிரும். மேலே கைப்பிடிச்சுவர் விரிசலில் பறவை எச்சத்தில் விழுந்த ஆலஞ்செடியோ அரசோ இரண்டு இலை விட்டிருக்கும். அந்த இரண்டு இலையை அப்போதே பிடுங்காவிட்டால் வேர் சுதையைப் பிளந்துவிடும், பிறகு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) செலவழித்தாலும் பழைய அச்சு திரும்பாது. பராமரிப்பு என்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன வேலைகள்தான், பெருந்திட்டங்கள் அல்ல.

உள்ளே இருப்பதும் 1904-இல் கட்டியதா?

இல்லை. 1992-இல் தீப்பிடித்து உள்பகுதி அழிந்தது. வெளிச்சுவர்களைக் காப்பாற்றி, உள்ளே அரங்கைப் புதிதாக அமைத்தார்கள். இருக்கை, மேடை, விளக்கு எல்லாம் பிற்காலத்தவை. இருக்கைகள் சில நூறுதான், அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகரின் முகம் தெரியும். 2014-இலிருந்து சில ஆண்டுகள் இங்கே கோலாலம்பூர் பிறந்த கதையைச் சொல்லும் இசை நாடகம் ஒன்று நடந்தது. மூன்று நண்பர்கள், அதில் ஒருவர் தமிழர், 1881-இல் ஊரை அழித்த தீயும் வெள்ளமும் என்று போகும் கதை. கதை நடந்த ஆற்றங்கரையிலேயே அரங்கும் இருந்தது அதன் தனிச்சிறப்பு.

கட்டியவர்களில் தமிழர்கள் உண்டா?

பொதுப்பணித் துறையும் ரயில்வேயும் தமிழ்த் தொழிலாளர்களை நம்பி நடந்த காலம் அது. 1881 தீக்கும் வெள்ளத்துக்கும் பிறகு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் மரமும் அத்தாப்பு ஓலையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டுங்கள் என்று உத்தரவு போட, செங்கல் சூளைகள் பெருகின. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் பிறந்தது அப்படித்தான். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு மட்டும் 40 லட்சம் செங்கல் போனதாகக் கணக்கு. அத்தனையும் சுமந்தது மனிதத் தோள்தான். முகப்பைப் பார்க்கும்போது ஹப்பாக்கின் பெயரோடு அந்தத் தோள்களையும் நினைக்கச் சொல்வேன். சீனக் கொத்தனார், தமிழ்க் கூலி, இங்கிலாந்து வரைபடம், மூன்றும் இல்லாமல் இந்தத் தெரு இல்லை.

கொலிசியம் தியேட்டர் இதே பாணியா?

இல்லவே இல்லை. 1920-இல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், அப்போது அது பத்து ரோடு, சுவா செங் போக் என்ற செல்வந்தர் கட்டியது. சைக்கிள் அண்ட் கேரியேஜ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் தேர்ந்தெடுத்தது கிரேக்க, ரோமானியச் சாயல்: தூண்கள், இருபக்கமும் ஒத்த முகப்பு, மேலே பெரிதாகப் பெயர். அரசாங்கம் மொகலாயக் குவிமாடம் போட்ட ஊரில், ஒரு சீன வணிகர் ரோமாபுரி அரங்கத்தின் பெயரை வைத்து ஒரு தியேட்டர் கட்டினார் என்பதே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சினிமா என்பது புதுச்சரக்கு, அதற்கு மரியாதை வேண்டும், உள்ளே வருகிறவர் தம்மைப் பெரிய மனிதராக உணர வேண்டும். அந்தத் தூண்கள் செய்த வேலை அது.

நம்மவர்களுக்கு இது தமிழ்ப்படத் தியேட்டர். தீபாவளிக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி எடுத்து முடித்து, பைகளோடு அப்படியே கொலிசியத்துக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அத்தனை பேரில் முகப்பை அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, படம் தொடங்கும் அவசரம். அடுத்த முறை எதிர்ப்பக்க நடைபாதையில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள்.

ஓடியன்?

அதே சாலையில், ஜாலான் டாங் வாங்கி முனையில், 1936-இல் வந்தது. இது ஆர்ட் டெக்கோ. குவிமாடமும் இல்லை, தூண் தலையில் இலைக்கொத்தும் இல்லை. நேர்கோடு, நெடுக்கு வரிகள், மேலே இழுக்கும் உயரம். அலங்காரத்தைக் கைவிட்ட பாணி என்று சிலர் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோட்டையே அலங்காரமாக்கிய பாணி அது. மேடான் பாசாரில் 1937-இல் வைத்த மணிக்கூண்டில் சூரியக் கதிர் விரிகிற வடிவத்தைப் பார்த்தால் அந்தக் காலத்தவரின் ரசனை புரிந்துவிடும். கல் மாதிரித் தோற்றம் தரும் ஷாங்காய் பூச்சு பரவியதும் இந்தக் காலத்தில்தான்: சிமெண்டில் கருங்கல் பொடிக்கற்களைக் கலந்து பூசி, காய்வதற்கு முன் கழுவிவிட்டால் சொரசொரப்பாகக் கல் முகம் எழும். விரலால் தடவினால் உண்மைக் கல்லா பூச்சா என்று தெரிந்துவிடும்.

இஸ்தானா புடாயாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது ஜாலான் துன் ராசாக்கில், 1999-இல் திறந்த தேசிய அரங்கு. வாவ் புலான் என்ற மலாய்ப் பாரம்பரியக் காற்றாடிப் பட்டத்தின் வடிவைக் கூரையில் கொண்டுவந்த கட்டடம்.

இவ்வளவு பழையதை ஏன் வைத்துக் காப்பாற்ற வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்குப் போக் ஹவுஸ் கதையைச் சொல்வேன். கொலிசியம் கட்டிய அதே சுவா செங் போக், ஜாலான் அம்பாங்கில் 1929-இல் கட்டிய மாளிகை அது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இல் வந்துவிட்டது. மாளிகையைக் காக்கச் சொல்லிக் குரல்களும் எழுந்தன. ஆனாலும் 2006 டிசம்பரில் இடித்துத் தள்ளினார்கள். ஒரே மனிதர் கட்டிய இரண்டில் வீடு போய்விட்டது, தியேட்டர் நிற்கிறது. தியேட்டர் நிற்பதற்கு முக்கியக் காரணம் அதில் படம் ஓடியதுதான் என்பது என் கணிப்பு. ஆள் புழங்காத கட்டடத்தை எந்தச் சட்டமும் நெடுநாள் தாங்கிப் பிடிக்காது. ஆகவே பழைய அரங்கில் நிகழ்ச்சி நடந்தால் போங்கள், பழைய தியேட்டரில் நல்ல படம் ஓடினால் அங்கேயே பாருங்கள், வாடகை கட்டுபடியாகும் அரங்குகளில் நம் நாடகக் குழுக்களும் மேடையேறட்டும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

முகப்பு மேற்கு பார்த்ததால் காலையில் போனால் கட்டடம் தன் நிழலிலேயே இருக்கும், படம் சரியாக வராது. 4 மணிக்கு மேல் வெயில் நேராக விழும், சுதைக் கோடுகள் எடுப்பாகத் தெரியும். சாயங்கால மழையையும் கணக்கில் வைத்துக் குடை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போக வேண்டும் என்றால் நிகழ்ச்சியோ திறப்போ உண்டா என்று மாநகராட்சியிடம் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போனால் சலிக்காமல் இருக்க என்ன செய்வது?

ஆளுக்கொரு காகிதமும் பென்சிலும் கொடுத்து வளைவுகளை வரையச் சொல்லுங்கள், எத்தனை வகை கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். அரங்கில் தொடங்கி, சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைக் கடந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மஸ்ஜித் ஜாமெக் வரை வந்தால் போதும், தாள் நிறைந்துவிடும். கால் வலிக்காதவர்கள் அங்கிருந்து மஸ்ஜித் இந்தியா வழியாகக் கொலிசியம் வரை நடக்கலாம், வழியில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.